தக்காளி லோடுக்கு எந்த எஞ்சின்: ஒன்றரை லிட்டரா, இரண்டரை லிட்டரா?

பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் தக்காளி ஏற்றும் பிக்கப் வண்டி ஓசூரை நோக்கிச் சுமையுடன் ஏறுகிறது. திரும்பும்போது காலிப் பெட்டிகளுடன் இறங்குகிறது. தருமபுரியைவிட ஓசூர் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இந்த ஏற்றத்தையும் அந்தக் காலிப் பயணத்தையும் சேர்த்தே எஞ்சினை எடைபோட வேண்டும்.

ஓசூரிலேயே உருவாகும் அசோக் லேலண்ட் தோஸ்தில் இருப்பது மூன்று சிலிண்டர், 1.5 லிட்டர் டீசல் எஞ்சின். மகிந்திரா பொலிரோ பிக்கப்பில் இருப்பது நான்கு சிலிண்டர், 2.5 லிட்டர் டீசல். கொள்ளளவில் ஒரு லிட்டர் வேறுபட்டாலும், சுமையை இழுக்க உதவும் முறுக்குவிசை முன்னதில் 170 நியூட்டன் மீட்டர், பின்னதில் 200 அளவில்தான் நிற்கிறது. 25 கிலோ பெட்டிகள் 48 ஏற்றினால் எடை 1200 கிலோ. அந்தச் சுமைக்குச் சிறிய எஞ்சினே போதும் என்பது என் உறுதியான கருத்து.

பெரிய எஞ்சின் காலியாக ஓடும்போதும் தன் கூடுதல் பாகங்களின் உராய்வுக்காக டீசலைச் செலவிடுகிறது. நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டருக்குப் பதிலாக 15 கொடுத்தால், தினம் இரண்டரை லிட்டரும், 25 நாள் ஓட்டத்தில் 62 லிட்டருக்கு மேலும் மிஞ்சும். தவணை கட்டும் உரிமையாளருக்கு இது சிறிய தொகையன்று.

ஒன்றரை டன்னுக்கு மேல் வாடிக்கையாக ஏற்றுபவர்களுக்கும், அஞ்செட்டிப் பக்கத்து மலைச்சாலைகளில் ஓடுபவர்களுக்கும் இரண்டரை லிட்டரே தகும். ஆனால் எஞ்சின் இழுக்கிறதே என்று அனுமதித்த எடையை மீறுவது பெருந்தவறு. தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும்போது வண்டியை நிறுத்த வேண்டியவை பிரேக்கும் டயரும். டீசல் மிச்சமாகும் என்று அங்கே நியூட்ரலில் விடுவதும் வீண். கியரில் இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் எரிபொருள் பீய்ச்சுவதைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றன.

ஊருக்குள் மட்டும் தண்ணீர் கேன், மளிகை கொண்டு செல்பவர்கள் டாடா ஏஸ் போன்ற சிறு பெட்ரோல் வண்டியை வாங்கலாம். 2020 ஏப்ரலில் வாகனப் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி வந்தபின் டீசல் வண்டிகளில் சேர்ந்த புகைக்கரி வடிகட்டி, நீண்ட ஓட்டத்தின் சூட்டில்தான் சுத்தமாகும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று நின்று ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும்.