சாவியா, விசையா?

மருமகளின் கணினிப் பாடக் கொப்பியில் ‘சாவிப்பலகை’ என்று இருந்தது. அம்மம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “திறப்பு கொழுவி வைக்கிற பலகையோ பிள்ளை?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. யாழ்ப்பாணத்தில் பூட்டைத் திறப்பது திறப்புத்தான். சாவி தமிழகப் படங்களில் வருவது. சாவிப்பலகை ஆங்கிலக் ‘கீபோர்ட்’டை அப்படியே பெயர்த்த சொல். தமிழகத்தில் பெருவழக்கான ‘விசைப்பலகை’யோ, அழுத்தினால் ஏதோ இயங்கும் என்பதையாவது சொல்கிறது. என் கட்சி விசை. பௌதிகத்திலும் விசை இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், ‘விசையை அழுத்து’ என்றால் யாரும் நியூட்டனைத் தேடுவதில்லை.

தனித்தனி விசைகளுக்கு வந்தால்தான் தலையிடி. ஷிப்ட், ஆல்ட் இரண்டுக்குமே ‘மாற்று’ பொருந்திவிடுகிறது. ஷிப்ட் தட்டச்சுப் பொறியின் சொத்து: 1878இல் வந்த ரெமிங்டன் 2இல் அதை அழுத்தினால் தாள் தாங்கும் உறுப்பே இடம் நகர்ந்து பெரிய எழுத்து விழும். ஆல்ட் என்பதோ ‘வேறொன்று’ என்ற பொருளில் வந்தது. ஒருவருக்குத் தொலைபேசியில் ‘மாற்றை அழுத்துங்கோ’ என்று சொல்லி அரைமணி நேரம் போனது. அதிலிருந்து இந்த இரண்டையும் ஆங்கிலப் பெயரிலேயே விட்டுவிட்டேன். என்டருக்கு ‘உள்ளிடு’ போதும்.

கணினித் திரையின் பின்னால் வைக்கிற படத்துக்குச் சென்னையில் வால்பேப்பர், இங்கே வோல்பேப்பர். சுவரொட்டி என்றால் தேர்தல்தான் ஞாபகம் வரும். சுவர்த்தாள் ஒட்டிய வீட்டை எங்கள் ஒழுங்கையில் கண்டதில்லை. சரி, ‘பின்னணி’ என்றே எழுதலாம், இரு கரையிலும் விளங்கும்.