ஒரே தீவுக்கு இரண்டு முறை பணம்: அந்தமான் கிளம்புகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கடலூர் வந்து சேர்ந்து இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். புதுச்சேரியில் இருக்கும் ஒரு சுற்றுலா ஏற்பாட்டுக் கடை எங்கள் குடும்பத்திடம் ₹46,000 வாங்கிக்கொண்டு அந்தமானில் நடுத்தெருவில் விட்டுவிட்டது. விவகாரம் புகாரில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. மாடியில் ஓர் ஏசி அறை, சுவர் முழுக்கக் கடற்கரைப் படங்கள், 'குடும்பச் சுற்றுலா, தேனிலவுச் சுற்றுலா' என்று வாசலில் பலகை. அந்த வகைக் கடை. அந்தமானில் எத்தனை நாள் தங்கினால் சரியாக இருக்கும் என்பதையும் நடந்ததைச் சொல்லி முடித்தபின் விரிவாக எழுதுகிறேன். எங்களுக்கு இல்லாமல் போனது அடுத்தவருக்காவது உதவட்டும்.

நாங்கள் முதலில் கேட்டது நான்கு இரவுதான். செல்லுலார் சிறையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் வெகுநாள் ஆசை. பையனுக்கு ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரை. சென்னையிலிருந்து விமான டிக்கெட், தங்குமிடம், கப்பல் எல்லாம் சேர்த்து நான்கு பேருக்கு ₹88,000 என்றார்கள். சரி என்று முன்பணமும் கொடுத்தாயிற்று. மீதியைக் கட்டப் போன அன்றுதான் அந்தக் கடையின் ஊழியன் ஒருவன் எங்களை உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தான்.

"நான்கு இரவில் என்ன அக்கா பார்ப்பீர்கள்?" என்றான். முப்பது வயது இருக்கும். பிளாஸ்கிலிருந்து தானே டீ ஊற்றி அம்மாவுக்கு முதலில் கொடுத்தான். கடலூர் என்றதும், "என் மனைவிக்கு நெல்லிக்குப்பம்தான் அக்கா, நாமெல்லாம் ஒரே ஊர்" என்றான். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே எங்கள் தாளில் 'எல்லா இடத்திலும் தரைத்தள அறை' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டான். அந்தப் பென்சில் கோடு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. படியிறங்கும்போது அம்மா என்னிடம் சொன்ன வார்த்தை, "நல்ல பிள்ளை".

எத்தனை நாள் தங்குவது என்பதற்கு அவன் சொன்ன காரணங்கள் எல்லாமே உண்மை. அதுதான் இதில் கொடுமை. அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, ஆனால் கடிகாரம் நம்முடையதுதான், அதனால் குளிர்காலத்தில் ஐந்தரைக்குள் இருட்டிவிடும் என்றான். உண்மை. போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் வராது, 'ஐந்து பகல்' என்று போட்டிருந்தாலும் கையில் கிடைப்பது மூன்றுதான் என்றான். அதுவும் உண்மை. பாராடாங் சுண்ணாம்புக் குகைக்கு முழுதாக ஒரு நாள் வேண்டும், ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு வழியாகப் போகிற சாலை, போலீஸ் பாதுகாப்போடு குறிப்பிட்ட நேரங்களில் மட்டும்தான் வண்டிகளை வரிசையாக விடுவார்கள் என்றான். கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், கையில் ஒரு நாள் மிச்சம் இருக்க வேண்டும் என்றான். இவ்வளவு தெரிந்த ஒருவன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

அப்படித்தான் நான்கு இரவு ஏழு இரவாயிற்று. புதிய பயணத் திட்டம் இது: போர்ட் பிளேர் ஓர் இரவு, ஹேவ்லாக் இரண்டு இரவு, சுவராஜ் தீவு இரண்டு இரவு, நீல் தீவு ஓர் இரவு, மறுபடியும் போர்ட் பிளேர் ஓர் இரவு. சுவராஜ் தீவு என்ன தீவு, கேள்விப்பட்டதே இல்லையே என்று என் கணவர் கேட்டார். "கூட்டம் இல்லாத இடம் சார், இப்போதுதான் சுற்றுலாவுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள்" என்று கண்ணை இமைக்காமல் சொன்னான். கூடுதல் மூன்று இரவுக்கும், நீல் தீவுக் கப்பலுக்கும், பாராடாங் வண்டிக்கும் சேர்த்து ₹46,000. கடைக் கணக்கில் அன்றைய வரம்பு முடிந்துவிட்டது என்று சொல்லி ஒரு கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னான். அவன் கண்ணெதிரிலேயே அனுப்பினோம். ₹46,000 வந்துவிட்டது என்று அவன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். ரசீது மின்னஞ்சலில் வரும் என்றான். வந்தது விமான டிக்கெட் மட்டும். திரும்பும் தேதி எட்டாம் நாள் என்று சரியாக இருந்தது.

போர்ட் பிளேரில் முதல் நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. 1906இல் கட்டி முடித்த சிறை. ஏழு கிளைகளில் இன்று மூன்றுதான் மிச்சம். அம்மா ஓர் அறைக்குள் போய்க் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் பேசாமல் நின்றார். மாலையில் ஒலி ஒளிக் காட்சியும் பார்த்தோம். அந்த ஒரு நாளுக்காக நான் யாரையும் குறை சொல்லமாட்டேன்.

ஹேவ்லாக்கில் இரண்டாம் நாள் இரவு. மறுநாள் காலை சுவராஜ் தீவுக்கு எத்தனை மணிக்குப் படகு என்று கேட்க விடுதி வரவேற்பில் போய் நின்றேன். அங்கிருந்த பெண் தமிழ்ப்பெண், அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், தாளை வாங்கிப் பார்த்தாள், பிறகு மேசைமேல் கிடந்த எங்கள் கப்பல் டிக்கெட்டை எடுத்து விரலை வைத்துக் காட்டினாள். "அக்கா, சுவராஜ் தீவு இதுதான். நீங்கள் நிற்கிற இடம்தான்."

2018 டிசம்பரில் மத்திய அரசு ஹேவ்லாக்குக்கு சுவராஜ் தீவு என்றும், நீல் தீவுக்கு ஷஹீத் தீவு என்றும், ராஸ் தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றும் பெயர் வைத்தது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. கடைகளிலும் விளம்பரங்களிலும் மக்கள் பேச்சிலும் பழைய பெயர்தான் ஓடுகிறது, அரசுத் தாள்களில் புதுப் பெயர். இந்தக் குழப்பத்தைத்தான் அவன் காசாக்கியிருக்கிறான். ஒரே தீவைப் பழைய பெயரில் ஒரு முறை, புதுப் பெயரில் ஒரு முறை எங்கள் தலையில் கட்டியிருக்கிறான்.

அத்தோடு விட்டானா? நீல் தீவில் எங்கள் பெயரில் அறையே இல்லை. எங்களுக்காகப் போட்டிருந்தது அந்தப் பழைய நான்கு இரவுத் திட்டம் மட்டும்தான். கடையின் அந்தமான் ஆளை அழைத்தால், "எனக்கு நான்கு இரவுக்குத்தான் பணம் வந்தது மேடம். நாளை நீங்கள் போர்ட் பிளேர் திரும்புகிறீர்கள், ஐந்தாம் நாள் விமான நிலையத்துக்கு வண்டி" என்கிறார். விமானமோ எட்டாம் நாள். மூன்று இரவு நாங்கள் எங்கே படுப்பது?

புதுச்சேரிக்கு அழைத்தேன். முதலில், "நெட்வொர்க் சரியில்லை அக்கா, ஐந்து நிமிடத்தில் அழைக்கிறேன்" என்றான். அழைக்கவில்லை. பிறகு, "கடல் கொந்தளிப்பு அக்கா, நீல் தீவுக்குக் கப்பல் ஓடவில்லை, அதனால்தான் அறையை ரத்து செய்யவேண்டியதாகிவிட்டது" என்றான். நான் அப்போது துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தேன். கடல் அசையாமல் கிடந்தது. என் கண்ணெதிரே நீல் தீவுக் கப்பலில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அதைச் சொன்னதும் அழைப்பைத் துண்டித்துவிட்டான். அதன்பின் அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் இரண்டு நீல டிக் மட்டும் விழுந்தது. பதில் இல்லை.

விமான டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றக் கேட்ட தொகை கட்டுபடியாகவில்லை. போர்ட் பிளேருக்குத் திரும்பி, கடைத்தெருவில் நாங்களே ஒரு விடுதியைத் தேடிப் பிடித்துக் கைக்காசில் தங்கினோம். கிடைத்தது இரண்டாம் மாடி. முட்டிவலியோடு அம்மா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறியதைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. அந்தத் தரைத்தளம், அந்த அடிக்கோடு! நீல் தீவின் பரத்பூர் கடற்கரையில் கண்ணாடிப் படகில் போகலாம் என்று பையன் ஊரிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தான். அதைப் பார்க்கவே இல்லை.

பாராடாங்குக்கு நாங்களே வண்டி பேசிப் போனோம். ஓட்டுநர் எங்கள் பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்தார். அதில் நீல் தீவிலிருந்து திரும்பிய அன்றே, பிற்பகல் மூன்று மணிக்குப் பாராடாங் புறப்பாடு என்று இருந்தது. "விடிவதற்கு முன்பே கிளம்பவேண்டிய இடம் ஐயா இது. ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் காலை முதல் வரிசையைப் பிடிக்க வேண்டும், கப்பலில் நீரிணையைத் தாண்ட வேண்டும், பிறகு அலையாத்திக் காட்டுக்குள் படகு, அப்புறம் நடை. மூன்று மணிக்குக் கிளம்பி எதைப் பார்ப்பீர்கள்?" என்றார். அப்போதுதான் புரிந்தது, அந்த மூன்று இரவையும் நடத்தும் எண்ணமே அவனுக்கு முதலிலிருந்து இல்லை. நடக்கப் போகும் திட்டம் என்றால் நேரத்தைப் பார்த்து எழுதியிருப்பான்.

ஊர் திரும்பிய மறுநாளே பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போனோம். அவன் இல்லை. வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். "அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்" என்றாள். பணம் அனுப்பிய எண்ணைக் காட்டினால், "அது எங்கள் எண் இல்லை, நிறுவனக் கணக்குக்கு வந்தது ₹88,000 மட்டும்தான்" என்றாள். அப்படியானால் எட்டாம் நாளுக்கு விமான டிக்கெட் போட்டது யார்? உங்கள் கடை மின்னஞ்சலிலிருந்துதானே வந்தது? அதற்கு, "முதலாளி வெளியூரில் இருக்கிறார்" என்று பதில். முதலாளியைத் தொலைபேசியில் பிடித்தோம். அடுத்த சுற்றுலாவில் ₹10,000 கழித்துத் தருகிறாராம்! ₹46,000 எங்கே, ₹10,000 எங்கே? அதுவும் மறுபடி அவரிடமே போனால்தானாம். முடியாது என்றதும், "வழக்குப் போடுவதானால் போடுங்கள், நீங்கள் தமிழ்நாடு, நாங்கள் புதுச்சேரி, இங்கே வந்து அலையத்தான் வேண்டியிருக்கும்" என்றார்.

அதுவும் பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ₹5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் எங்கள் புகாரைப் பதிவு செய்தாயிற்று. வக்கீல் நோட்டீஸுக்கும் சொல்லியிருக்கிறோம். ₹46,000 எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. என் கணவர் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் அது.

எத்தனை நாள் தங்குவது என்று விரிவாக எழுதுகிறேன் என்றேன். கை நடுங்குகிறது, இன்றைக்கு இவ்வளவுதான் முடியும். ஹேவ்லாக்குக்கு இரண்டு இரவு போதும், நீல் தீவுக்கு ஒன்று, பாராடாங்குக்குத் தனியாக ஒரு நாள். கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வையுங்கள், கப்பல் நின்றால் விமானம் போய்விடும். தாளில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் வரைபடத்தில் தேடிப் பாருங்கள். மீதிப் பணத்தைக் கட்டும் முன் ஒவ்வொரு விடுதிக்கும் நீங்களே அழைத்து, உங்கள் பெயரில் எந்தத் தேதிக்கு அறை இருக்கிறது என்று கேளுங்கள். தனியார் எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். புதுச்சேரியில் இதே போலத் தங்கும் நாட்களை நீட்டிக்கச் சொல்லி யாரிடமாவது பணம் வாங்கியிருந்தால் எனக்கு எழுதுங்கள், எங்கள் புகாரோடு சேர்த்தே கொடுக்கலாம்.