பாம்கார்ட்: டர்பன் கடலில் கடற்படைச் சோனாரை அளக்க உதவுமா?

விலை: இலவசம். ஓடுவது: 64 பிட் விண்டோஸ். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள கடல் பாலூட்டி ஆய்வுப் பிரிவினர் வளர்த்துவரும் மென்பொருள் இது. மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. ஜாவாவைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை; கூடவே வந்துவிடும்.

கடலடியில் பதிவான ஒலியிலிருந்து திமிங்கிலத்தையும் ஓங்கிலையும் (டால்பின்) பிரித்தெடுக்கும் வேலையில் பாம்கார்டை அடித்துக்கொள்ள இன்னொரு இலவச மென்பொருள் இல்லை. ஆனால் கடற்படைப் பயிற்சியால் அவற்றுக்கு என்ன ஆனது என்று கேட்டால் பாதி வழிதான் வரும். தவறு நடப்பதும் பெரும்பாலும் அந்த மீதிப் பாதியில்தான். நாம் தட்டி உள்ளிடும் எண்களில்.

2023 பிப்ரவரியில் ரஷ்ய, சீன, தென்னாப்பிரிக்கக் கடற்படைகள் டர்பன், ரிச்சர்ட்ஸ் பே கடற்பகுதியில் 'மோசி' கூட்டுப் பயிற்சி நடத்தின. கூன்முதுகுத் திமிங்கிலங்கள் டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் கரையோரம் கடந்து போவது ஜூன் முதல் நவம்பர் வரை. பிப்ரவரியில் அவை இங்கே அரிது. கரையை ஒட்டி ஆண்டு முழுவதும் வாழும் கூன்முதுகு ஓங்கில்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே எந்த மாதத்தில் பயிற்சி, எந்த விலங்கைத் தேடுகிறோம் என்று முடிவு செய்த பிறகே பாம்கார்டைத் திறக்க வேண்டும். பதிவின் வேகம் அதைப் பொறுத்தது. அலகுத் திமிங்கிலத்தின் சொடுக்கொலி 40 கிலோஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். நொடிக்கு 192 ஆயிரம் மாதிரி எடுத்தால் நிம்மதி. நம் தென்னாப்பிரிக்கக் கரைகளில் அடிக்கடி ஒதுங்கும் குள்ள எண்ணெய்த் திமிங்கிலம் 130 கிலோஹெர்ட்ஸ் அருகே சொடுக்குகிறது. மாதிரி வேகத்தில் பாதி அலைவரிசை வரைதான் பதிவாகும் என்பதால் 192 ஆயிரத்தில் அது பதிவிலேயே இருக்காது. வெறும் 96 ஆயிரம், 16 பிட், ஒற்றைச் சேனல் என்றாலே நாளைக்கு 16.6 ஜிபி. ஒரு மாதத்துக்கு அரை டெராபைட்.

கோப்புகளை உள்ளே விடும்போது முதலில் பார்க்க வேண்டியது நேரம். கோப்பின் பெயரில் உள்ள தேதியையும் மணியையும் வைத்துத்தான் பாம்கார்ட் நாட்காட்டி போடுகிறது. எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்தில் வைத்துக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவில் நாம் அதற்கு இரண்டு மணி நேரம் முன்னே இருக்கிறோம். பதிவுக் கருவியில் டர்பன் நேரம் வைத்துவிட்டு, நேர மண்டல செட்டிங்கை மறந்தால், சோனார் (நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியால் தேடும் கருவி) அடித்து இரண்டு மணி நேரம் கழித்தே ஓங்கில்கள் ஓடிப்போனதாக வரைபடம் காட்டும்.

அடுத்தது அளவுத்திருத்தம். இங்கேதான் பலரும் கவிழ்கிறார்கள். பாம்கார்ட் இரண்டு இடத்தில் எண் கேட்கிறது. ஹைட்ரோஃபோன் (நீரடி ஒலிவாங்கி) அடுக்குப் பகுதியில் உணர்திறனும் பெருக்கமும். ஒலி உள்ளீட்டுப் பகுதியில் உச்சத்திலிருந்து உச்சம் வரையிலான வோல்ட். தனியாக இயங்கும் பதிவுக் கருவிகளுக்குத் தயாரிப்பாளர் பெரும்பாலும் 'இத்தனை டெசிபெலில் அலை வெட்டுப்படும்' என்று, அதாவது அதற்கு மேல் போனால் அலையின் உச்சி பதிவில் துண்டாகிவிடும் என்று, ஒரே எண்ணாகத் தந்துவிடுவார். அது 174 என்று வைத்துக்கொள்வோம். உணர்திறன் -174, பெருக்கம் 0, வோல்ட் 2 என்று போட வேண்டும்; முழு அளவு கூட்டல் 1 வோல்ட்டிலிருந்து கழித்தல் 1 வோல்ட் வரை என்பதால் 2. அந்த இடத்தில் 5 என்று இருந்துவிட்டால் எல்லா அளவும் 8 டெசிபெல் கூடிவிடும். 1 என்று போட்டால் 6 குறையும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. அலைப்படம் அழகாகவே தெரியும்.

சோனாருக்கு வருவோம். போர்க்கப்பலின் அடிவயிற்றில் பொருத்திய நடு அலைவரிசைச் சோனார் 1 முதல் 10 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒலிப்பது. அமெரிக்கக் கப்பல்களின் எஸ்.க்யூ.எஸ்-53சி 1 மீட்டரில் 235 டெசிபெல். இது 1 மைக்ரோபாஸ்கலை அடிப்படையாகக் கொண்ட நீரடி அளவு, காற்றில் சொல்லும் டெசிபெலோடு ஒப்பிடக் கூடாது. ஒலி கோளமாகப் பரவுகிறது என்று எளிய கணக்குப் போட்டால் 1 கிலோமீட்டரில் 175, 10 கிலோமீட்டரில் 155. அதாவது 1 கிலோமீட்டரில் மேலே சொன்ன கருவி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலை ஒற்றைப்படை மடங்குகளில் பொய் ஒலிகளைப் பிறப்பிக்கும்: 3.3 கிலோஹெர்ட்ஸ் துடிப்புக்கு 9.9லும் 16.5லும் கோடுகள் விழும். ஓங்கிலின் சீழ்க்கை வாழும் இடம் அதுதான். சீழ்க்கை கண்டறியும் மாட்யூல் அவற்றை ஓங்கில் என்று எண்ணி, 'சோனார் நேரத்தில் ஓங்கில்கள் பெருகின' என்று கணக்கெழுதும். இப்படிப்பட்ட கோடு வளைவே இல்லாமல் தட்டையாக, துடிப்போடு துல்லியமாக ஒரே நேரத்தில் தொடங்கி முடியும். பார்வையாளர் முறையில் பெரிதாக்கிப் பார்த்தால் தப்பாது. பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் எக்செலுக்கு அனுப்பினால் தப்பிவிடும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் இதே மாட்யூலில் உண்டு. இரைச்சலைக் குறைக்க அது ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஓடும் சராசரியை எடுத்துக் கழிக்கிறது. முன்னிருப்பான 0.02 என்ற மாறிலியோடு, 48 ஆயிரம் மாதிரி, 512 தாவல் என்றால் அந்தச் சராசரி அரை நொடிச் சுமாரில் புதிய ஒலிக்குப் பழகிவிடும். ஒரே சுருதியில் இரண்டு நொடி நீளும் சோனார் துடிப்பைப் பின்னணி என்று நினைத்துப் பாதியிலேயே விழுங்கத் தொடங்கும். எனவே சோனாரைப் பிடிக்க இந்த மாட்யூலை நம்ப வேண்டாம். மாதிரி வேகத்தைக் குறைக்கும் டெசிமேட்டர் வைத்து 24 ஆயிரத்துக்கு இறக்கி, ஒலியை அலைவரிசைகளாகப் பிரிக்கும் எஃப்.எஃப்.டி. ஒன்றை இரைச்சல் கழிப்பு இல்லாமல் தனியாக 2048 நீளத்தில் ஓட்டினால் 12 ஹெர்ட்ஸ் நுணுக்கத்தில் துடிப்புகள் ஏணிப்படி மாதிரி தெரியும். கூன்முதுகுத் திமிங்கிலப் பாட்டும் அதே பட்டையில் வரும். பாட்டு வளையும், சோனார் அச்சடித்த மாதிரி திரும்ப வரும். கண் பழகினால் பிரச்சினையில்லை.

சொடுக்கொலி மாட்யூலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்: நன்றாக இருக்கிறது. அலிவால் ஷோல் போன்ற பாறைத்திட்டுகளில் சொடுக்கு இறால்கள் நாளெல்லாம் பட்டாசு வெடிக்கும், முன்னிருப்பான 10 டெசிபெல் வரம்பில் லட்சக்கணக்கில் குப்பை சேரும், வரம்பை ஏற்றினால் தூரத்து விலங்குகள் போய்விடும். அகுல்யாஸ் நீரோட்டத்தில் நங்கூரக் கயிறு அதிர்வது கீழ் அலைவரிசையைக் கெடுக்கும். அதற்கு மருந்து மென்பொருளில் இல்லை, கயிற்றில்தான்.

எவ்வளவு ஒலி பட்டது என்ற மொத்தக் கணக்கைப் பாம்கார்ட் முடித்துத் தராது. இரைச்சல் பட்டை மாட்யூல் மூன்றிலொரு ஆக்டேவ் பட்டைகளில் அளவைத் தரும், அவ்வளவுதான். கூட்டலை வெளியே போட வேண்டும். 155 டெசிபெலில் 1 நொடித் துடிப்பு, 30 நொடிக்கு ஒன்று, 4 மணி நேரம் என்றால் 480 துடிப்பு. 480இன் மடக்கையை (log) 10ஆல் பெருக்கினால் 26.8; அதை 155உடன் கூட்டினால் மொத்தம் கிட்டத்தட்ட 182. கூன்முதுகு போன்ற பெருந்திமிங்கிலங்களுக்குத் தற்காலிகச் செவிக்குறைவு தொடங்கும் வரம்பாக அமெரிக்க மீன்வளத் துறையின் 2018 வழிகாட்டி 24 மணி நேரத்துக்கு 179 என்றது. 2024இல் அதை 177 ஆக்கினார்கள். வரம்பு தாண்டிவிட்டதே என்று பதற வேண்டாம். 182 என்பது கடலடியில் அசையாமல் கிடந்த கருவி வாங்கிய அடி. கப்பலும் நகர்கிறது, திமிங்கிலமும் நகர்கிறது. நீரடி வெடிப்புப் பயிற்சி என்றால் கணக்கே வேறு: உச்ச அழுத்தத்தைத் தனியாக எடுக்க வேண்டும், நிமிடச் சராசரி அதை மூடி மறைத்துவிடும்.

நங்கூரம் இழுத்த தடம், பவளத்தில் படிந்த சேறு, குண்டுகளிலிருந்து கசியும் உலோகம் ஆகியவற்றுக்கும் இந்த மென்பொருளுக்கும் சம்பந்தமில்லை. அறிக்கையில் வாழிடம் பற்றிய அத்தியாயத்துக்கு முங்குநீச்சல்காரரும் வண்டல் மாதிரியும்தான் வேண்டும்.

மின்வெட்டு அட்டவணை நினைவிருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: முடிவுகளைப் பைனரி கோப்புகளாகத் துண்டு துண்டாகச் சேமிப்பதால், பாதியில் கணினி அணைந்தாலும் முடிந்த பகுதி பத்திரமாக இருக்கும். தரவுத்தளத்துக்கு எஸ்கியூலைட் போதும். செட்டிங் கோப்பை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனிப் பெயரில் வையுங்கள். எந்த வரம்பில் எந்த எண்ணிக்கை வந்தது என்று ஆறு மாதம் கழித்து யாரும் கேட்கலாம்.

கடைசியாக, இதில் பெரிய குறை. பாம்கார்ட் ஒலித்ததை எண்ணும். பஹாமாஸில் கடற்படையின் சோதனைக் கடலில் செய்த ஆய்வுகளில், சோனார் தொடங்கியதும் அலகுத் திமிங்கிலங்கள் சொடுக்குவதை நிறுத்தி விலகிப் போயின. இப்படிப்பட்ட நாளின் வரைபடத்தில் பூஜ்யம் விழும். விலங்கு வாயை மூடிக்கொண்டதா, கிளம்பிவிட்டதா, சோனார் இரைச்சலில் அதன் குரல் அமுங்கியதா? மூன்றுக்கும் அதே பூஜ்யம்தான். பயிற்சிக்கு முன்னே இரண்டு வாரம், பின்னே இரண்டு வாரம் பதிவு இல்லாவிட்டால் அந்தப் பூஜ்யத்தை வைத்து ஒன்றும் எழுத முடியாது. அந்தப் பதிவு இருந்தாலும், முடிவு அட்டவணையில் கேட்ட நிமிடம், கேட்டும் ஒன்றும் இல்லாத நிமிடம், இரைச்சலால் கேட்கவே முடியாத நிமிடம் என்று மூன்று பத்தி போடுங்கள். மூன்றாவது பத்தியைப் பாம்கார்ட் தானாகப் போடாது. இரைச்சல் பட்டை அளவு எந்த வரம்பைத் தாண்டினால் கண்டறிதல் செத்துவிடுகிறது என்று பார்த்து நாமே நிரப்ப வேண்டும்.