வளர்ச்சி–பங்கு அட்டவணை: பயன்படுத்திப் பார்த்த பின்

கார்ப்பரேட் வியூகம் என்ற எண்ணத்தை நிர்வாகிகளின் மேசைக்குக் கொண்டுவந்த கருவிகளில், 1963-இல் புரூஸ் ஹெண்டர்சன் தொடங்கிய பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனம் 1970-இல் வெளியிட்ட வளர்ச்சி–பங்கு அட்டவணைக்குத் தனி இடம் உண்டு. எங்கள் நிறுவனத்தின் ஆறு தயாரிப்புகளையும் அதில் பொருத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

செங்குத்து அச்சு சந்தையின் வளர்ச்சி விகிதத்தையும், கிடை அச்சு மிகப் பெரிய போட்டியாளரோடு ஒப்பிட்ட நமது சந்தைப் பங்கையும் காட்டுகின்றன. விற்பனைக்கேற்ற அளவில் ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒரு வட்டம் வரைய வேண்டும். நாங்கள் பெருமையாகப் பேசிவந்த தயாரிப்பு, போட்டியாளரின் விற்பனையால் வகுத்ததும் 0.4 என்ற இடத்தில், வேகமாக வளரும் சந்தையில் சிறிய பங்கு என்பதைக் குறிக்கும் கேள்விக்குறிக் கட்டத்தில் போய் நின்றது. அதற்குச் செலவான பணத்தை, யாரும் பொருட்படுத்தாத ஒரு பழைய தயாரிப்பு, கறவைப் பசுவாக (மெதுவாக வளரும் சந்தையில் பெரிய பங்கு உள்ளதாக) நின்று தந்துகொண்டிருந்தது என்பதும் அதே தாளில் தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது.

குறை அதன் அடித்தளத்தில் இருக்கிறது. மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் அலகுச் செலவு 20 முதல் 30 சதவீதம் குறையும் என்ற அனுபவ வளைவை அது நம்பியிருப்பதால், செலவு அப்படிக் குறையாத தொழில்களில் பெரிய பங்கு இருந்தும் பணம் சேராமல் போகலாம். சந்தையின் எல்லையைச் சற்று மாற்றி வரைந்தாலே வட்டங்கள் இடம் மாறிவிடுகின்றன. ஒரு துறையில் இலாபம் ஏன் மெலிகிறது என்பதற்கு இதில் விடை இல்லை. அதற்கு, வியூக அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1979-இல் முன்வைத்த, ஒரு துறையின் போட்டி அழுத்தங்களை ஆராயும் ஐந்து விசைகளையே நாட வேண்டியிருந்தது.