மூன்று தீபாவளி தாண்டிய அடுப்படி வயரிங்

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் டெரஸ் வீட்டு அடுப்படியை உடைத்துக் கட்டி மூன்று வருடம் ஆகிறது. டைல்ஸ் நிறத்துக்காகப் போட்ட சண்டையில் பாதியை வயரிங்குக்காகப் போட்டிருக்கலாம். நல்லவேளை, வயர்மேன் விவரமானவர்.

பழைய அடுப்படியில் எல்லாப் பிளக்கும் ஒரே 20 ஆம்பியர் எம்சிபியில் (லோடு கூடினால் தானாக விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்ச்). தீபாவளிக்கு முதல் நாள் ஓவனில் பிஸ்கட் வேகும், அது 2000 வாட். ஏர் ஃபிரையர் 1700, ரைஸ் குக்கர் 700. மாமா வந்துவிட்டார் என்று 2200 வாட் கெட்டிலையும் தட்டினால் மொத்தம் 6600. 230 வோல்ட்டில் ஏறக்குறைய 29 ஆம்பியர். எம்சிபி உடனே விழாது. கொஞ்ச நேரம் தாங்கி, தண்ணீர் கொதிக்கப்போகும் நேரம் பார்த்து ‘டக்’. அம்மா கெட்டிலைத்தான் திட்டுவார்.

“பத்து பாயிண்ட் போதுமா தம்பி?” என்று வயர்மேனைக் கேட்டேன். “பாயிண்ட்டை விடுங்கண்ணே. தீபாவளிக்கு முதல் நாள் எதெல்லாம் ஒண்ணா ஓடும், அதைச் சொல்லுங்க” என்றார்.

அந்தக் கணக்குப்படியே பிரித்தோம். 7000 வாட் இண்டக்ஷன் அடுப்புக்கு 32 ஆம்பியர் எம்சிபியும் 6 சதுர மில்லிமீட்டர் வயரும் தனி. ஓவன் தனி. மேடையின் இடது, வலது பிளக்குகளுக்கு 2.5 வயரில் இரண்டு 20 ஆம்பியர் லைன். கெட்டில் ஒரு பக்கம், ஏர் ஃபிரையர் மறுபக்கம். மூன்று தீபாவளியிலும் ஒரு எம்சிபிகூட விழவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஃபிரிட்ஜ் ஏற்பாடு. எம்சிபி லோடு கூடினால் விழும். ஆர்சிசிபி கரண்ட் கசிந்தால் விழும். முன்பு வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி. கெட்டில் அடித்தட்டில் ஈரம் பட்டால் மாடி ஃபேனும் நிற்கும். இப்போது ஃபிரிட்ஜ் மட்டும் அந்த ஆர்சிசிபியில் சேராமல் தனி ஆர்சிபிஓவில்; லோடு, கசிவு இரண்டையும் அது ஒன்றே பார்க்கும். போன வருடம் ஈப்போ போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பினால், வீடு இருட்டு. இடிமழையில் ஆர்சிசிபி விழுந்திருந்தது. ஃபிரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே மீன் கல்லாக இருந்தது. அந்த ஆர்சிபிஓவுக்குக் கொடுத்த காசு அன்றே வசூலாகிவிட்டது.

சறுக்கல் இல்லாமல் இல்லை. இண்டக்ஷன் அடுப்பின் மெயின் சுவிட்சை அடுப்புக்கு நேர் பின்னால் வைத்துவிட்டோம். கொதிக்கும் குழம்புக்கு மேலே கை நீட்டித்தான் அணைக்க வேண்டும். பக்கவாட்டில் வைக்கலாம் என்று வயர்மேன் சொன்னார்; கேபினட் அழகு கெடும் என்று நான்தான் தடுத்தேன்.

கிரைண்டரை அடியோடு மறந்துவிட்டோம். கோயம்புத்தூரிலிருந்து வந்தது, மோட்டார் 150 வாட்தான், எந்த லைனும் தாங்கும். ஆனால் அம்மா மாவாட்டுவது பின்கட்டில், தரையில் உட்கார்ந்து. அங்கே பிளக்கே இல்லை. ஈரத்தரையில் எக்ஸ்டென்ஷன் இழுத்து ஒரு வருடம் ஓட்டினோம், நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது. அப்புறம் புது டைல்ஸ் மேலேயே பிவிசி கேசிங் ஓட்டி ஒரு பாயிண்ட் கொண்டுபோனோம். பார்க்க அசிங்கம்தான். அம்மா அதன்மேல் காலண்டர் மாட்டி மறைத்திருக்கிறார்.