ஹோம் அசிஸ்டன்ட் நல்லதுதான், அதன் ரெக்கார்டர் மேல் ஒரு கண் வையுங்கள்

வீட்டில் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியில், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. விளக்கு, ஃபேன், மாடித் தொட்டி, மோட்டார் எல்லாம் அதில்தான். காசு கிடையாது, இன்டர்நெட் போனாலும் வீட்டுக்குள் வேலை நிற்காது. ஆனால் புதிதாகப் போடுகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லவேண்டிய விஷயம் ஒன்று உண்டு: ரெக்கார்டர்.

அது ஒரு கணக்குப்பிள்ளை. எந்த சென்சாரின் மதிப்பு மாறினாலும் ஒரு வரி எழுதிக்கொள்ளும், எல்லாம் ஒரே எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைலில். நாமாக எதையும் தள்ளிவைக்காவிட்டால் அத்தனையும் எழுதும், 10 நாள் வைத்திருக்கும், தினமும் விடியற்காலை 4:12-க்குப் பழையதைக் கழிக்கும். கரன்ட் கணக்கு மூன்று மாதம் இருக்கட்டுமே என்று அந்த 10-ஐ 90 ஆக்கியது நான். மோட்டாரில் மாட்டிய மின் மீட்டரை வினாடிக்கு ஒருமுறை படிக்கச் சொன்னதும் நானேதான்.

போன மாதம் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்க்கலாமென்று கிராஃபைத் தட்டினால் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்ட இடமெல்லாம் மரியாடிபி என்ற வேறு டேட்டாபேஸுக்கு மாறு என்றார்கள். மாறியிருந்தால் அதே குப்பை வேறு தொட்டிக்குப் போயிருக்கும், அவ்வளவுதான்.

அந்த ஃபைலைத் திறந்து பார்க்க உதவும் எஸ்க்யூலைட் வெப் ஆட்-ஆனைப் போட்டு எந்த சென்சாருக்கு எத்தனை வரி என்று எண்ணிப் பார்த்தேன். ஃபைல் 3 ஜிபியைத் தாண்டியிருந்தது. முதலிடம் வோல்டேஜ்: 228.4, 228.6, 228.3... மோட்டார் சும்மா கிடக்கும்போதும் இது ஆடிக்கொண்டே இருக்கும், வினாடிக்கு ஒரு வரி என்றால் நாளைக்கு 86,400. அடுத்தது ஃப்ரீக்வென்சி, அதை நான் ஒருநாள்கூடத் திறந்து பார்த்ததில்லை. இவ்வளவையும் எழுதிக்கொண்டிருந்தது பாவம் ஒரு எஸ்டி கார்டு.

மீட்டரை 60 வினாடிக்கு ஒருமுறை என்று மாற்றினேன், ஃப்ரீக்வென்சியை ரெக்கார்டரிலிருந்து விலக்கினேன், 90-ஐ மறுபடி 10 ஆக்கினேன். வோல்டேஜை விலக்கவில்லை, காரணம் இருக்கிறது. நீண்டகாலப் புள்ளிவிவரத்துக்குத் தகுதியான சென்சார்களுக்கு மணிக்கொரு சராசரி தனியாகச் சேர்ந்துகொண்டே வரும், 10 நாள் கெடுவில் அது அழியாது. ரெக்கார்டரிலிருந்து விலக்கினால் அந்தச் சேமிப்பும் நின்றுபோகும். இது முன்னாடியே தெரிந்திருந்தால் 90-ஐத் தொட்டிருக்கவே மாட்டேன்.

இன்னொன்று, விலக்கிவிட்டால் பழைய வரிகள் தானாக உடனே போய்விடாது. அந்த சென்சாரின் வரிகளை மட்டும் பர்ஜ் செய்து அழிக்க வேண்டும், அப்புறம் ஃபைலைச் சுருக்கும் ரீபேக்கும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே காலி, வெளியே அதே 3 ஜிபி. ரீபேக் ஓடும்போது ஏறக்குறைய ஃபைல் அளவுக்கே காலியிடம் வேண்டும். கார்டில் இடமில்லாமல் பழைய பேக்கப்பையெல்லாம் லேப்டாப்புக்குத் தள்ளிவிட்டுத்தான் ஓட்டினேன், முடிய அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

இப்போது ஃபைல் 300 எம்பிக்குள். மோட்டார் கிராஃப் தட்டியதும் வருகிறது, அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். “சரிப்பா” என்றவர், மாடிக்கு ஏறித் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.