சின்ன டர்போவா, ஹைப்ரிட்டா: ஏழாம் ஆண்டுக் கணக்கு

சிங்கப்பூரில் கார் வாங்கப் போகும் நண்பர்கள் அண்மைக் காலமாக என்னிடம் கேட்பது ஒன்றுதான்: 1.4 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்திச் சின்ன எஞ்சினின் சக்தியைக் கூட்டுவது) எடுக்கலாமா, 1.5 லிட்டர் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது) எடுக்கலாமா? முன்பு என்னிடம் இருந்தது ஓர் ஐரோப்பிய டர்போ. இப்போது ஓட்டுவது டொயோட்டா சியன்டா ஹைப்ரிட், 2022க்கு முந்தைய வடிவம். என் சாய்வு ஹைப்ரிட் பக்கம்தான். அதை மறைத்துக்கொண்டு எழுதுவதில் அர்த்தமில்லை.

பெட்ரோலைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஊருக்குள் ஹைப்ரிட் மிச்சம் பிடிக்கும், நெடுஞ்சாலையில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். சாலை வரியிலும் பெரிய வேறுபாடு இல்லை.

ஓட்டும் சுகத்தில் டர்போதான் மேல். எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே இழுவை வந்துவிடும். ஜோகூரைத் தாண்டி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஆள், பெட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு லாரியை முந்தும்போது அந்த நிம்மதி தனி. சியன்டா மலேசியாவின் கெந்திங் மலையேறும்போது எஞ்சின் சத்தம் போடும், வேகம் மெதுவாகத்தான் கூடும். வாரம் தவறாமல் மலேசியா ஓடுபவர் இதை யோசிக்க வேண்டும்.

இவ்வளவு சின்ன டர்போ எஞ்சின்கள் எங்கிருந்து வந்தன? ஐரோப்பாவில் புகைக் கட்டுப்பாடு இறுகியதும் 1.8, 2.0 லிட்டர் எஞ்சின்களைக் குறுக்கி, இழந்த சக்தியை டர்போவால் ஈடுகட்டினார்கள். இங்கே வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் பத்தாண்டு உரிமம்தான் சிஓஇ. அதில் சின்னக் கார்களுக்கான ஏ பிரிவுக்கு அப்போது எஞ்சின் அளவு 1,600 சிசி என்ற ஒரே வரம்புதான் இருந்தது. அதனால் சக்தி வாய்ந்த வண்டிகளும் அதற்குள் நுழைந்தன. எஞ்சின் சக்திக்கு 97 கிலோவாட் என்ற இன்னொரு வரம்பு 2014 பிப்ரவரியில்தான் சேர்ந்தது.

குறுக்கிய எஞ்சினில் ஒவ்வொரு பாகத்துக்கும் வேலை கூடுதல். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதற்கு உயிர் எஞ்சின் ஆயில்தான். பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சுவதால் உள்ளிழுப்பு வால்வைக் கழுவ எதுவுமில்லை, கரி படியும். ஆனால் நான் பயப்படுவது எஞ்சினுக்கு அல்ல, அதோடு வந்த உலர் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கு (எண்ணெயில் நனையாத இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடித்து கியரை மாற்றும் வகை). மாலை நேர சிடிஇ விரைவுச்சாலையிலும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்திலும் வண்டி ஊர்ந்துகொண்டே இருக்கும்போது, அந்த கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்ந்து சூடேறுகிறது. அதைக் குளிர்விக்க எண்ணெய் கிடையாது. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் உலகம் முழுவதும் சுமார் 16 லட்சம் வண்டிகளை இதே வகை ஏழு கியர் பெட்டியின் எண்ணெயை (கிளட்சுக்கு இல்லாவிட்டாலும் பற்சக்கரங்களுக்கு எண்ணெய் உண்டு) மாற்றத் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில், நின்று நின்று போகும் நெரிசலில், பழைய எண்ணெய் மின்கோளாறு தரலாம் என்பது காரணம். நம் ஊரை அப்படியே விவரித்த மாதிரி இருந்தது.

என் பழைய டர்போ வேறு தயாரிப்பு. ஏழாம் ஆண்டில் முதல் கியரில் உதறத் தொடங்கியது. கிளட்ச், கட்டுப்பாட்டுப் பாகம், கூலி எல்லாம் சேர்த்து ஐயாயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் என்றார்கள்.

தீர்மானிக்கும் விஷயம் இதுதான். வேறு நாட்டில் அந்த ஐயாயிரத்தைப் போட்டுவிட்டு இன்னும் எட்டு ஆண்டு ஓட்டலாம். இங்கே சிஓஇயில் மிச்சம் மூன்றே ஆண்டு. 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 140 வெள்ளி. விற்கலாமென்றால் வாங்குபவர் அந்தத் தொகையைப் பேரத்தில் கழிப்பார். சரி, பழுது பார்த்து பத்தாண்டு முடிந்ததும் சிஓஇயைப் புதுப்பிக்கலாமா? சிஓஇயின் கடைசி மூன்று மாதச் சராசரி விலையைக் கட்ட வேண்டும், பத்தாண்டுக்குள் வண்டியைப் பதிவுநீக்கினால் திரும்பக் கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடி போய்விடும், சாலை வரி ஆண்டுக்கு 10 விழுக்காடு கூடி 50 வரை ஏறும், ஆண்டுதோறும் பரிசோதனை வேறு. இத்தனையும் செய்து இன்னொரு கியர்பாக்ஸ் பில்லுக்குக் காத்திருக்க யாருக்கு மனம் வரும்?

முன்பு இந்தக் கேள்வியே எழவில்லை. "பத்து வருஷத்துல வெட்டப்போற வண்டிதானே" என்பார்கள். ஏ பிரிவு சிஓஇ 2023 அக்டோபரில் 106,000 வெள்ளியைத் தொட்ட பிறகு அந்தப் பேச்சு குறைந்துவிட்டது. வாரண்டி முடிந்த பின் வண்டி எப்படி இருக்கும் என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும்.

அந்த இடத்தில்தான் ஹைப்ரிட் என்னை ஈர்த்தது. சிக்கலான இயந்திரம் என்று பலர் தயங்குகிறார்கள். ஆனால் டொயோட்டாவின் அமைப்பில் தேய்கிற பாகங்கள் குறைவு. எஞ்சினையும் இரண்டு மின்மோட்டார்களையும் ஒரு கோள் பற்சக்கரத் தொகுதி இணைக்கிறது. மாற்ற கியர் இல்லை, தேய கிளட்ச் இல்லை. தனி ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் இல்லை. நெரிசலில் ஊர்வது பெரும்பாலும் மோட்டார்தான். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேடும் நீடிக்கிறது. 1997இல் முதல் பிரியஸில் வந்த ஏற்பாடு, இங்கே டாக்சியாகவும் ஓடியது. கிராப் வாடகை வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர் என்னிடம் சொன்னது: "தம்பி, பேட்டரிக்குக் காத்துப் போற ஃபில்டரைச் சுத்தமா வச்சுக்க, மத்ததை அது பாத்துக்கும்." இருக்கைப் பக்கம் உள்ள அந்தத் துளையைப் பை, துண்டு வைத்து அடைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

பேட்டரி பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு தாங்குமா என்பதில் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை, என் சியன்டா பத்தையே எட்டவில்லை. புதிதாக வாங்குபவர்கள் பேட்டரி வாரண்டி எத்தனை ஆண்டு, யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதிகாரபூர்வ முகவர் அல்லாத வெளி இறக்குமதியாளரிடம் எடுத்தால் இது இன்னும் முக்கியம்.

அப்புறம், டர்போதான் வேண்டும் என்று மனம் சொன்னால், எண்ணெயில் நனையும் கிளட்ச் அல்லது வழக்கமான ஆட்டோ கியர்பாக்ஸ் உள்ளதைத் தேடுங்கள். ஆயிலைப் புத்தகம் சொல்வதற்கு முன்பே மாற்றுங்கள். பழைய வண்டி என்றால் காலையில் காலிச் சாலையில் ஓட்டிப் பார்க்காமல், மாலை ஆறு மணிக்கு பிஐஇ விரைவுச்சாலையில் அரை மணி நேரம் ஊர்ந்து பாருங்கள். முதல் இரண்டு கியரில் உதறல் தெரிந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.